எத்தயாவது வெச்சிகீறான்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் பாருங்கள். பேய், பிசாசு, சாமி வந்து குறி சொல்வது, கனவில் கண்டது மறுநாள் நடப்பது, இதையெல்லாம் யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எங்கள் ஊர்க் கொடையில் அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தவரிடம் போய் "மாமா, கால் வலிக்கலியா" என்று கேட்டு அம்மாவிடம் முதுகில் வாங்கியவள் நான். வேலைக்கு வந்த இடமும் அப்படி அமைந்தது. ஒரகடத்தில் கார்களுக்கான ஒயர்க் கட்டு செய்கிற கம்பெனி, அதில் எனக்கு டெஸ்டிங். அந்த ஒயர்க் கட்டைச் சோதனைப் பலகையில் மாட்டினால் பச்சை விளக்கு எரிய வேண்டும், சிவப்பு எரிந்தால் ரிஜெக்ட், நடுவில் வேறு நிறமே கிடையாது. ஷிஃப்ட் ஷிஃப்டாக அதையே பார்த்தவளுக்கு உலகமே அந்த இரண்டு விளக்குதான் என்று ஆகிவிடும். அப்படிப்பட்ட எனக்கே ஒன்று நடந்தது. வைஃபை பாஸ்வேர்டில் என்னம்மா அமானுஷ்யம் என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள், தெரியும். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் கேட்டார், கேட்டுவிட்டுத் தூங்கியும் போனார்.

அது 2014. சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி ரூமில் நானும் ஜெயாவும் வாடகைக்கு இருந்தோம். நான் சங்கரன்கோவில் பக்கம், ஜெயா உசிலம்பட்டிக்காரி, இரண்டு பேரும் ஒரே லைன், ஒரே கம்பெனி பஸ். கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர் சரோஜாக்காவும் அவர் மகன் கார்த்தியும். கார்த்தி தண்டலத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான், அவன் படிப்புக்காகத்தான் அந்த வீட்டுக்கு நெட் வந்தது. ஜெயாவிடம் பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று இருந்தது. நெட் போட்ட அன்றைக்கே கார்த்தி அதை வாங்கி, அவனே பாஸ்வேர்டைத் தட்டி, கனெக்ஷன் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்த லேப்டாப்பைத் திறந்தால் நெட் தானாக வரும், நாங்கள் சீரியல் பார்ப்போம். பாஸ்வேர்டு என்ன என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்களிடம் இருந்தது பட்டன் போன், அதற்கு எதற்குப் பாஸ்வேர்டு?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணன் மாரியப்பனுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. மினி லாரி ஓட்டுகிறவன், லோடு ஏற்றிப் போகிற ஊரில் இருக்கிற கோயிலையெல்லாம் சுற்றினான், மதினி சாப்பிடாத மருந்து இல்லை. ஒருவழியாக அந்த வருஷம் பெண் குழந்தை பிறந்தது. போனில் அண்ணன் பேசவே இல்லை, அழுதான், நான் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு கூடவே அழுதேன், கூட நின்ற பெண்களெல்லாம் ஊரில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

எங்கள் பக்கம் பிள்ளைக்குப் பேர் கூப்பிடுவது அத்தை உரிமை. அப்பாவோடு பிறந்தவள்தான் பிள்ளை காதில் குனிந்து பேரை மூன்று முறை சொல்ல வேண்டும். அண்ணனுக்கு நான் ஒரே தங்கச்சி, அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு ஒரே அத்தை. ஆனால் எங்கள் லைனில் அந்த வாரம் டிஸ்பாட்ச், சூப்பர்வைசர் லீவு என்ற சொல்லையே காதில் வாங்கவில்லை. கேட்டுப் பார்த்தேன், அழுது பார்த்தேன், சண்டைகூடப் போட்டேன். கடைசியில் அண்ணன்தான், நீ அங்கிருந்தே வீடியோ காலில் கூப்பிடு, நான் போனைப் பிள்ளை காதில் வைக்கிறேன் என்றான். மதினியின் அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். பிள்ளை முகத்தை அத்தை பார்க்க வேண்டும், அத்தை முகத்தைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும், முகம் பார்க்காமல் சத்தத்தை மட்டும் போனில் விடுவதென்றால் வேண்டாம், எங்கள் மூத்த மகள் கூப்பிடட்டும் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அப்போது எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் நான் இன்னும் அந்தப் பிள்ளையை நேரில் பார்த்திருக்கவே இல்லை. அண்ணன் பேரையும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டான், அந்த நேரத்தில் உன்னிடம்தான் முதலில் சொல்வேன், வேறு யாருக்கும் தெரியாது என்றான்.

நாள் குறித்தது வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் பேர் கூப்பிட்டாக வேண்டும். எனக்கு வியாழன் நைட் ஷிஃப்ட். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, குளித்து, இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டி, பூ வைத்து, ஜெயாவின் லேப்டாப் முன்னால் மணப்பெண் மாதிரி உட்கார்ந்தேன். லேப்டாப்பில் நெட் வந்தது, எல்லாம் வந்தது, கேமரா மட்டும் கறுப்பாக நின்றது. அப்போதுதான் ஜெயா மெதுவாக, முந்தின நாள் கட்டிலிலிருந்து அது கீழே விழுந்தது என்றாள். அவளை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது, நேரம் இல்லாததால் தப்பித்தாள்.

நல்ல வேளையாக ஒரு வாரம் முன்புதான் நான் டச் போன் வாங்கியிருந்தேன், பிள்ளை போட்டோவெல்லாம் பார்க்கலாமே என்று. அந்த ரூமுக்குள் பேசுகிற அளவுக்குத்தான் டவர், வீடியோ போட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மொட்டை மாடிக்கு ஓடினேன், அங்கேயும் வட்டம். கூட்டு ரோட்டுக்குப் போனால் டவர் வரும், ஆனால் பெங்களூர் லாரிகள் போகிற ரோட்டில் நின்று நான் பேர் கூப்பிட்டால் பிள்ளை காதில் ஹாரன் சத்தம்தான் பேராக விழும். வைஃபைதான் ஒரே வழி. போன் பாஸ்வேர்டு கேட்டது. கார்த்திக்கு அடித்தால் சுவிட்ச் ஆஃப், அவனுக்கு அன்று பரீட்சை.

மாடிப்படியில் நின்று கீழே எட்டிப் பார்த்து, "அக்கா, வைஃபைக்கு என்ன பாஸ்வேர்டு, தெரியுமா?" என்று கத்தினேன். சரோஜாக்கா சமையலறையில் இருந்தபடியே, "எத்தயாவதுதாம்மா வெச்சிகீறான்" என்றார்.

"எதையாவதுன்னா எப்படிக்கா, யோசிச்சுச் சொல்லுங்க."

"அதான் சொல்றேனேம்மா. எத்தயாவது. வேற இன்னா சொல்லணும்?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு அவசரத்தில் கேட்கிறேன், எதையாவது வைத்திருக்கிறான் என்று அலட்சியமாகச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டு மேலே வந்தேன். கார்த்தி பேரைப் போட்டேன், அக்கா பேரைப் போட்டேன், பிள்ளையார் பேரைக்கூடப் போட்டேன், எதற்கும் தவறு என்றே வந்தது. ஊரிலிருந்து அண்ணன் அடித்துக்கொண்டே இருந்தான். எடுத்தால் பின்னால் மதினியின் அம்மா, மூத்த மகளைக் கையைக் கழுவிவிட்டு வரச் சொல்வது எனக்குக் கேட்டது.

அப்போது ஜெயாவுக்குத்தான் பொறி தட்டியது. லேப்டாப்பில் ஏற்கனவே கனெக்ஷன் இருக்கிறதே, அப்படியென்றால் பாஸ்வேர்டு அதற்குள்தானே இருக்க வேண்டும் என்றாள். கார்த்தி அன்றைக்குப் போட்டபோது பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். மூலையில் இருக்கும் நெட் குறியை ரைட் கிளிக் செய்து, உள்ளே போய், எங்கள் வைஃபை பேரைத் தொட்டு, செக்யூரிட்டி என்ற பக்கத்தைத் திறந்தாள். பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். கீழே எழுத்தைக் காட்டு என்று சின்னக் கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டாள். புள்ளிகளெல்லாம் எழுத்தாக மாறின.

"பேச்சி, இங்கிட்டு வாடி. ஒம் பேருடி இது" என்றாள்.

என் முழுப்பேர் பேச்சியம்மாள், கூப்பிடுவது பேச்சி. குனிந்து பார்த்தேன், நிஜமாகவே இங்கிலீஷ் எழுத்தில் கடைசியில் பேச்சி என்று இருந்தது. அதற்கு முன்னால் ஏதோ ஒன்று, ஒய், இரண்டு ஏ, இசட், ஹெச். நான் யாஜ்பேச்சி என்று படித்தேன், ஜெயா யாஸ்பேச்சி என்று படித்தாள். கார்த்தி ஏன் என் பேரை வைக்க வேண்டும் என்று எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஜெயா விடுவாளா, சரோஜாக்கா உனக்கு மாமியாராகப் போகிறார் என்று அந்த அவசரத்திலும் ஓட்டினாள். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்தாள், நான் ஒவ்வொன்றாகப் போனில் தட்டினேன். இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் பின்னால் எல்லோரும் இங்கேதான் என்னைச் சந்தேகப்பட்டார்கள். வாசித்தது அவள், தட்டியது நான், இரண்டு பேருக்கும் தொழிலே சரிபார்ப்பதுதான். தட்டி முடித்ததும் கனெக்டட் என்று வந்தது.

அடுத்து அண்ணன் வந்தான். திரை முழுக்க அவன் மூக்குத்தான் தெரிந்தது, போனைத் தள்ளிப் பிடி, தள்ளிப் பிடி என்று நான் கத்த, அவன் தள்ளிப் பிடித்தான், பிள்ளை தெரிந்தாள். மஞ்சள் சேலை விரித்து மதினி மடியில் போட்டிருந்தார்கள். நெற்றியில் பெரிய பொட்டு, கன்னத்தில் ஒரு மை, உதடு எங்கள் அப்பாவின் உதடு. மதினியின் அம்மாவே எட்டிப் பார்த்து, "பாத்துக்கிட்டியாத்தா, சரி, நேரம் ஆவுது, கூப்பிடு" என்றார்கள், அவர்கள் குரலும் இளகித்தான் இருந்தது.

அண்ணன் எழுந்து கொஞ்சம் தள்ளி வந்தான். வாயைப் போன் அருகில் வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்.

"யாழ்பேச்சி. அவுககிட்ட கொலசாமி பேரு வரும்னு மட்டும் சொல்லியிருக்கேன். எந் தங்கச்சி பேருன்னு ஒனக்குத் தெரிஞ்சாப் போதும்."

முதலில் எனக்கு அண்ணன் சொன்னதன் பாசம்தான் நெஞ்சில் ஏறியது. அது ஏறி முடிவதற்குள் பக்கத்தில் ஜெயா என் கையைப் பிடித்தாள், நகம் பதிகிற மாதிரிப் பிடித்தாள். இசட், ஹெச். அது ஜ-வும் இல்லை ஸ-வும் இல்லை, ழ. லேப்டாப்பில் இருந்தது யாழ்பேச்சி. புதுப் பேருக்கு யாழ், குலதெய்வத்துக்குப் பேச்சி என்று இரண்டையும் ஒட்டி எங்கள் அண்ணன் உண்டாக்கிய பேர், அவனைத் தவிர உலகத்தில் வேறு யாரும் கேட்டிராத பேர். எனக்கு உச்சந்தலையிலிருந்து கால் வரை மயிர்க்கூச்செறிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பயம் இல்லை. யாரோ எனக்கு முன்னாலேயே வந்து கதவைத் திறந்துவைத்திருக்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு சந்தோஷம்.

அண்ணன் போனைப் பிள்ளை காதில் வைத்தான். நான் கூப்பிட்டேன். யாழ்பேச்சி. யாழ்பேச்சி. யாழ்பேச்சி. மூன்றாவது முறை கேட்டதும் அவள் தூக்கத்திலேயே சிரித்தாளாம், அங்கே குலவை போட்டார்கள், இங்கே ஜெயாவும் போட்டாள், அவளுக்குக் குலவை வரவே வராது, பூனை கத்துவது போல இருந்தது. சத்தம் கேட்டு சரோஜாக்கா கரண்டியோடு மேலே ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "பொண்ணா, மகாலச்சுமி வந்துகீதுன்னு சொல்லு" என்று கீழே போய் எங்களுக்காகச் சேமியா பாயசம் வைத்தார். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல், பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து பாயசம் குடித்த அந்தக் காலை மாதிரி எனக்கு இன்னொரு காலை அமைந்ததில்லை.

சாயங்காலம் கார்த்தி வந்தான். பாஸ்வேர்டுக்கு ஏன்டா என் பேரை வைத்தாய், என் அண்ணன் பிள்ளை பேர் உனக்கு எப்படித் தெரியும் என்று இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டோம். அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. நெட் போட்ட அன்று, பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்று அம்மாவைக் கேட்டானாம். அவர் எத்தயாவது வெய்யிடா என்றாராம். இவன் அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் எத்தயாவது என்று வைத்துவிட்டானாம். அதுதான் பாஸ்வேர்டு. சரோஜாக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "காலைலேயே ரெண்டு வாட்டி சொன்னேனேம்மா, நீங்கதான் கேட்டுக்கல" என்றார்.

நாங்கள் தெக்கத்திக்காரிகள், அவர் சொன்னதை எதையாவது என்று எடுத்துக்கொண்டோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சிரிப்பு அடங்கியதும் ஜெயா எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்தாள். அதே பக்கம், அதே புள்ளிகள், அதே கட்டம். டிக் போட்டாள். எத்தயாவது என்று வந்தது. எடுத்துவிட்டு மறுபடி போட்டாள், எத்தயாவது. நான் போட்டேன், எத்தயாவது. ரிஜெக்ட் ஆன கட்டைத் திரும்பத் திரும்பப் பலகையில் மாட்டுவேனே, அதே மாதிரி எத்தனை முறை போட்டேனோ தெரியாது, ஒரு முறைகூட வேறு எதுவும் வரவில்லை.

கார்த்தி நம்பவில்லை. தூக்கக் கலக்கத்தில் நீங்கள் எத்தயாவது என்றுதான் பார்த்துத் தட்டியிருப்பீர்கள், பேர் மனதில் அப்புறம் புகுந்திருக்கும் என்றான். பேரை அண்ணன் சொன்னதே அதற்குப் பிறகுதானே என்றேன். அவனுடைய போனில் வைஃபையை அழித்துவிட்டு யாழ்பேச்சி என்று போட்டுப் பார்த்தான், தவறு என்றது. எத்தயாவது என்று போட்டான், கனெக்ட் ஆனது. அந்த நேரம் முழுக்க என் போன், யாழ்பேச்சி என்று போட்ட என் போன், கனெக்ஷனோடுதான் கட்டில் மேல் கிடந்தது. கார்த்தி அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுநாள் பரீட்சை என்று கீழே போய்விட்டான்.

அண்ணனிடம் விசாரித்தேன். முந்தின நாள் வரை அவன் மனதில் ஹரிணிதானாம். காலையில் வாழைக்குலை வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது, ரோட்டில் திடீரென்று அந்தப் பேர் வந்ததாம். எப்படி வந்தது என்று கேட்டால், "வந்துச்சுட்டி, அவ்ளவுதான்" என்கிறான். அவனுக்கு வைஃபை என்றால் என்னவென்றே அப்போது தெரியாது.

அந்தப் போன் கெட்டுப்போகிற வரை நான் அந்த வைஃபையை அழிக்கவே இல்லை. பிறகு எனக்குக் கல்யாணமானது, ஜெயாவுக்கும் ஆனது, இப்போது ஒரகடம் பக்கமே சொந்தமாகச் சின்ன வீடு. வருஷங்கள் ஓடியதில் அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது, கல்யாண வீடுகளில் ஜெயாவும் நானும் மாற்றி மாற்றிச் சொல்லுவோம், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எங்கோ நாங்கள்தான் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று நானே பாதி நம்பவும் ஆரம்பித்திருந்தேன்.

இந்த மே மாதம் யாழ்பேச்சி லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நன்றாக வளர்ந்துவிட்டாள், நல்ல வாயாடி, அவளிடம் அவள் அப்பா வாங்கிக்கொடுத்த டேப் ஒன்று. அண்ணன் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டான், வீட்டுக்காரர் ஷிஃப்டில் இருந்தார். நான் சமையலறையில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன், ஹாலில் கார்ட்டூன் சத்தம். கழுவிக்கொண்டே இருந்தவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. எங்கள் வீட்டுப் பாஸ்வேர்டு, நெட்காரர் வைத்துவிட்டுப் போன எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒன்று, எனக்கே தெரியாது, வீட்டுக்காரர் போனில்தான் இருக்கிறது. ஈரக்கையோடு வந்து நெட் எப்படி வந்தது என்று கேட்டேன். பாஸ்வேர்டு போட்டேன் என்றாள், தலையை நிமிர்த்தவில்லை.

"யாருட்டி சொன்னா?"

"நீங்கதான அத்த சொன்னிய."

"நான் எப்பச் சொன்னேன்?"

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். பிறகு ஒரு விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுலதான். மூணு வாட்டி சொன்னிய."